கடை வாரம்

போன மாதம் தபால் நிலையம்.
அதற்கு முன் சலவை:
வெள்ளை தனி, நிறம் தனி.
மார்செல் தன் ஒற்றைக் காலுறையை
எதிலும் சேர்க்காமல்
பைக்குள் வைத்துக்கொண்டான்.
இந்த மாதம் கடை.

டுலூத் நகரில் பிப்ரவரி.
ஏரிக்கரை உறைந்து கிடக்கிறது,
ஹீட்டர் இருமுகிறது,
நான் சொற்களுக்குப் பிளாஸ்டிக் உறை போடுகிறேன்.
பால். ரொட்டி. முட்டை. சோப்பு.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டுப்பட்டை.
பிய்த்தால் சர்ரென்று சத்தம் வரும்;
ஐலிக்கு அந்தச் சத்தம் போதும்,
சொல் எதுவானால் என்ன.

வகுப்பின் பின்சுவரில் எங்கள் கடை.
அட்டைப்பெட்டி அலமாரி, காலி டப்பாக்கள்,
மணி அடிக்கும் கல்லாப்பெட்டி.
இங்கே எதுவும் தீர்ந்துபோவதில்லை.
ஒரே டஜன் பிளாஸ்டிக் முட்டை
திங்களன்று பதினோரு முறை விற்றது.

என் கையில் ஒரு தாள், மூன்று கட்டங்கள்:
தானாகச் செய்தான்.
சொன்னபின் செய்தான்.
செய்யவில்லை.
ஐந்துக்கு நான்கு வந்தால்
கற்றுக்கொண்டான் என்று எழுதலாம்.
மார்செலுக்கு ஐந்துக்கு ஐந்து.
பிரான்ட்வோல்ட் டீச்சர் சட்டையில் நட்சத்திரம் ஒட்டினார்.
அவன் அதை உரித்துப்
பால் டப்பாவில் ஒட்டினான்.

புதன்கிழமை நிஜக் கடை.
பேருந்தில் பதினாறு நிமிடம், பூட்ஸெல்லாம் உப்பு.
இரண்டு நாள் பனிப்புயலில்
லாரிகள் தெற்கே எங்கோ நின்றுபோனதை
யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ரொட்டி கிடைத்தது. சோப்பு கிடைத்தது.
முட்டை இருக்க வேண்டிய இடத்தில்
வெள்ளைக் கம்பித் தட்டும்
அதன் மேல் குளிர்ந்த வெளிச்சமும்.
மார்செல் அட்டையைப் பார்த்தான்.
தட்டைப் பார்த்தான்.
மறுபடி அட்டையை.
படத்துக்குப் பொருள் பொருத்தக் கற்றுக்கொடுத்தோம்;
ஒன்றுமில்லாததற்கு எதைப் பொருத்துவான்?

நான் வாய் திறக்கவில்லை.
திறந்தால் இரண்டாவது கட்டம்.
விதி அது. கோழைத்தனமும்தான்.
நாலு நிமிடம்.
குளிர்பெட்டி முனகிக்கொண்டே இருந்தது.
பிறகு அவன் அட்டையை
அந்தக் காலி இடத்தில் நிறுத்திவைத்தான்,
நேராக, படம் வெளியே தெரிய.
கல்லாவுக்கு நடந்தான்.

பின்னால் வந்த ஒருவர்
கம்பளிக் குல்லாயை மேலே தள்ளிக்
குனிந்து அட்டையைப் படித்தார்.
"அதுவும் சரிதான்" என்று
தனக்கே சொல்லிக்கொண்டு
தள்ளுவண்டியைத் திருப்பினார்.

தாளில் எந்தக் கட்டம்?
திரும்பும் வழியெல்லாம் யோசித்து
கட்டங்களுக்கு நடுவே இருந்த கோட்டின்மேல்
பேனாவை வைத்தேன்.
பேருந்து குலுங்கியது, மை இருபக்கமும் ஓடியது.

வியாழன் காலை
எங்கள் கடையில் முட்டையைக் காணோம்.
(பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில்
பன்னிரண்டும் வரிசையாக இருந்தன.
அது பிறகுதான் தெரிந்தது.)
கல்லாவில் மார்செல்,
பேசும் கருவியை நெஞ்சோடு மாட்டிக்கொண்டு.

ஐலி பட்டியலோடு வந்து
முட்டை அட்டையை நீட்டினாள்.
அவன் ஒரு பொத்தானை அழுத்தினான்.
சாப்பாட்டு நேரத்துக்கென்று
நான் பதிந்துவைத்த, என் குரல்:
"தீர்ந்துவிட்டது."

ஐலி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
அழுகைக்கு முன் அவள் வாய் போகும் கோணல்
எனக்குத் தெரியும். எழப்போனேன்;
டீச்சர் என் கையைப் பிடித்தார்.
"தீர்ந்துவிட்டது."
பழகிய கடைக்காரன் போல
அவன் இன்னொரு முறை சொன்னான்.
ஐலி முட்டையைப் பட்டியலிலிருந்து
சர்ரென்று பிய்த்தாள்.
ஒட்டினாள். பிய்த்தாள். ஒட்டினாள்.
எழுந்துபோய்ப் பாலை எடுத்தாள்,
நட்சத்திரம் ஒட்டிய பாலை.
கல்லா மணி அடித்தது.

புது அட்டை வேண்டும் என்றார் டீச்சர்: தீர்ந்துவிட்டது.
அதற்கு என்ன படம் போடுவது?
காலித் தட்டு வரைந்தேன், வேலி போல இருந்தது.
காலிக் கூடை வரைந்தேன், தொப்பி.
கடைசியில் முட்டையையே வரைந்து
ரப்பரால் அழித்தேன்.
அழித்த தடத்தோடு உறை போட்டேன்.

வெள்ளியன்று லாரி வந்தது.
பன்னிரண்டு வாங்கினோம்,
பேருந்தில் இரண்டு உடைந்தன.
அடுத்த மாதம் வானிலை:
வெயில், மேகம், குடை.

குடையை இப்போதே காணோம்.